இலைக்குள்ளே ஒரு தறி

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பட்டு நெய்கிறவர்களின் கைத்திறனை உலகமே அறியும். ஆனால் அந்த நகரிலிருந்து உத்திரமேரூர் சாலையில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் சென்றால், வேறொரு வகை நெசவாளியைச் சந்திக்கலாம். அதற்குத் தறி கிடையாது. பாவும் ஊடும் கிடையாது. கூலி கொடுப்பாரும் இல்லை. தன் வாயிலிருந்தே நூலை எடுத்து, நெல்லின் இலையையே இரண்டாக மடித்துத் தைத்து, அதற்குள் குடியிருக்கும் முக்கால் அங்குலப் பச்சைப் புழு அது. குடியானவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் இலைச்சுருட்டுப் புழு.

காஞ்சிப் பட்டுக்கு மதிப்பு உண்டு. இந்த நெசவுக்கோ வசவுதான் கிடைக்கிறது. வசவோடு நின்றால் பரவாயில்லை. வயலுக்கு விஷ மருந்தும் வருகிறது. அந்த மருந்து எப்போது தேவை, எப்போது வீண், எப்போது ஆபத்து என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தச் சின்னஞ்சிறு உயிரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

கழனி சூழ்ந்த ஊர்

செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர் மாகறல். தொண்டை நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் 32-ல் இதுவும் ஒன்று. திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கென ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அது கோபுரத்தை வருணித்துத் தொடங்கவில்லை. விளைந்து கிடக்கும் கழனியையும், அங்கே வேலை செய்யும் பெண்களின் பாட்டொலியையும் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாகறலின் அடையாளம் நெல்வயல்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு சிறப்பும் உண்டு. இங்கே மூலவரான திருமாகறலீசுவரர் உடும்பின் வாலைப் போன்ற வடிவில் காட்சி தருகிறார். பொன்னிற உடும்பு ஒன்று புற்றுக்குள் புகுந்து மறைந்ததாகவும், அந்த இடத்திலே இறைவன் வெளிப்பட்டதாகவும் தலபுராணம் சொல்லும். மண்ணில் ஊர்ந்து போகும் ஒரு பிராணிக்குக் கருவறையிலேயே இடம் கொடுத்த ஊர் இது. அதே ஊரின் கழனியில் ஊரும் மற்றொரு பிராணியைப் பற்றி நாமும் இரண்டு வார்த்தை பேசுவது பொருத்தந்தானே?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெல் சாகுபடிக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள் உண்டு. எந்தப் பட்டமானாலும், நடவு முடிந்து பயிர் தூர் கட்டித் தழைத்து நிற்கும் சமயத்தில் வரப்பின்மேல் நடந்து பாருங்கள். பச்சைப் பாய் விரித்தாற்போன்ற வயலில் ஆங்காங்கே சில இலைகள் நீளவாக்கில் மடிந்து குழாய்போல நிற்கும். சில இலைகளில் பச்சை உரிந்து வெள்ளைக் கோடுகள் ஓடும். உங்கள் கால் பட்டுப் பயிர் அசைந்தால், வைக்கோல் துணுக்கு ஒன்று காற்றில் எழுந்தது போல ஏதோ ஒன்று படபடவென்று பறந்து, நாலடி தள்ளி மறுபடி இலையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் தாய் விட்டில். மடிந்த இலைக்குள்ளே இருப்பது அதன் பிள்ளை.

வக்கீல் வைத்த பெயர்

விஞ்ஞானிகள் இதை 'நேபலோகுரோசிஸ் மெடினாலிஸ்' என்று அழைக்கிறார்கள். 'மெடினாலிஸ்' என்ற பெயரை 1854-ஆம் ஆண்டில் இட்டவர் அஷில் கெனே என்ற பிரெஞ்சுக்காரர். தொழிலால் வக்கீலான இவருக்கு விட்டில்களை ஆராய்வதில் அளவில்லாத ஈடுபாடு. பெயர் வெளிநாட்டுப் பெயரானாலும் பூச்சி நம் மண்ணுக்குச் சொந்தமானதே. இந்தியா, இலங்கை தொடங்கிச் சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரை, நெல் விளையும் கீழ்த்திசை நாடுகள் எங்கும் இது பரவியிருக்கிறது. கப்பல் ஏறி வந்த பூச்சி அல்ல. நெல்லோடு கூடவே வாழ்ந்துவரும் பூர்வ குடி.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலையைச் சுருட்டும் புழுக்கள் எத்தனையோ உண்டு. வேர்க்கடலையில் வரும் சுருள்பூச்சி வேறு; பருத்தி இலையைப் புனல்போலச் சுருட்டும் புழு வேறு; எள்ளின் நுனித் தளிர்களைப் பிணைத்துக் கட்டும் புழுவும் வேறு. தொழில் ஒன்றே தவிர, அவை ஒரே பூச்சி அல்ல. நாம் பேசப்போவது நெல்லின் இலையை மடிக்கும் புழுவைப் பற்றி மட்டுமே.

விட்டிலின் தோற்றம் எளிமையானது. வைக்கோலின் மஞ்சள் நிறம். சிறகை விரித்தால் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. முன்சிறகில் கறுப்பும் பழுப்பும் கலந்த மூன்று அலைக்கோடுகள். அவற்றில் நடுக்கோடு மட்டும் குட்டையாகப் பாதியிலே நின்றுவிடும். சிறகின் ஓரத்தில் அகன்ற கருங்கரை. காஞ்சிப் புடைவையிலே கரை அமைவதுபோல இந்தப் பூச்சியின் சிறகுக்கும் ஒரு கரை!

பகலெல்லாம் இது பயிரின் நிழலிலே ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகுதான் இதன் உலகம் விழிக்கிறது. இரவில் இணை சேர்வதும் முட்டையிடுவதும் நடக்கும். விளக்கொளி கண்டால் ஓடி வரும். முட்டைகள் தட்டையானவை, வெண்மஞ்சள் நிறத்தவை, இலை நரம்பை ஒட்டித் தனித்தனியாகவோ சிறு வரிசையாகவோ வைக்கப்படும். உற்றுப் பார்த்தாலொழியக் கண்ணுக்குத் தெரியா.

தையற்காரனின் வித்தை

நான்கு முதல் ஏழு நாட்களில் முட்டை பொரிகிறது. வெளியே வரும் புழு நூலிழை போன்றது. அதற்கு உடனே இலையை மடிக்கும் பலம் இல்லை. ஆகவே இன்னும் விரியாத இளங்குருத்துக்குள் புகுந்து, மெல்லச் சுரண்டித் தின்கிறது. ஒரு முறை தோல் உரித்து ஓரளவு வளர்ந்த பிறகே தன் பரம்பரைத் தொழிலைத் தொடங்குகிறது.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது கேட்கச் சுவையான விஷயம். புழுவின் வாய்க்குக் கீழே நூல் சுரக்கும் சிறு துவாரம் ஒன்று இருக்கிறது. இலையின் ஒரு விளிம்பிலே வாயை வைத்து நூலின் முனையை ஒட்டுகிறது. பிறகு தலையை அப்படியே மறு விளிம்புக்குக் கொண்டுபோய் அங்கே ஒட்டுகிறது. மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். நாடா ஓடுவதுபோலத் தலை போய்ப் போய் வருகிறது. ஒரே இடத்தில் இழைமேல் இழையாகப் பல இழைகள் சேர்ந்து ஒரு கட்டு ஆகிறது.

இத்தனை சிறிய பூச்சி அத்தனை பெரிய இலையை எப்படி மடிக்கிறது? கையும் இல்லை, காலில் பலமும் இல்லை. ரகசியம் நூலிலே இருக்கிறது. ஈரமாக வெளிவரும் பட்டிழை காய்ந்ததும் சுருங்குகிறது. ஓர் இழை சுருங்கினால் ஒன்றும் நடக்காது. நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்து சுருங்கும்போது இலையின் இரு விளிம்புகளும் சற்றே நெருங்கி வருகின்றன. நெருங்கிய பிறகு புழு இன்னும் குட்டையான இழைகளைப் போடுகிறது. அவை காய்ந்து மேலும் இழுக்கின்றன. இப்படியே கொஞ்சம் தள்ளிக் கொஞ்சம் தள்ளி வரிசையாகக் கட்டுகள் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் இலை நீளவாக்கில் மடிந்து மூடிய குழாய் ஆகிவிடுகிறது. ஊரே ஒன்றுகூடி வடம் பிடித்தால் தேர் நகர்கிறதல்லவா? அதுபோலத்தான். இங்கே வடமும் பட்டு. இழுக்கிற ஆட்களும் அந்தப் பட்டிழைகளே.

இந்த நூலுக்கும் காஞ்சித் தறியில் ஓடும் நூலுக்கும் உறவு உண்டு. பட்டுப்புழுவும் இலைச்சுருட்டுப் புழுவும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. உமிழ்நீர்ச் சுரப்பி மாறியமைந்து பட்டுச் சுரப்பியானது என்பது விட்டில், வண்ணத்துப்பூச்சி இனத்துப் புழுக்களுக்கெல்லாம் பொதுவான கதை. பைப்ராயின் என்ற புரதமே இழைக்கு வலிமை தருவது. செரிசின் என்ற பசைப்பொருள் அதன்மேல் போர்வையாகப் படிகிறது. பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து அறுபடாத ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரைகூட நூல் எடுக்க முடியும். அதனால் மனிதன் அதை வீட்டிலே வைத்து மல்பெரி இலை போட்டு வளர்த்தான். இலைச்சுருட்டுப் புழுவின் நூலோ துண்டு துண்டாக இலையிலே ஒட்டிக் கிடப்பது. அதனால் நமக்குப் பயனில்லை; புழுவுக்கோ அதுவே வீடும் கதவும் தாழ்ப்பாளும்.

வெளுத்த இலையின் பொருள்

வீடு கட்டி முடித்த புழு, வீட்டுச் சுவரையே தின்னத் தொடங்குகிறது! மடிப்பின் உட்பக்கத்தில் உள்ள பச்சையத்தைச் சுரண்டித் தின்கிறது. அடித்தோலை மட்டும் கண்ணாடிக் காகிதம்போல விட்டுவிடுகிறது. வயலில் நாம் காணும் வெள்ளைக் கோடு அதுதான். பச்சையம் போன இடத்தில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் வேலை நின்றுபோகிறது. ஓர் இலையில் சாப்பாடு தீர்ந்ததும் புழு வெளியேறி அடுத்த இலையை மடிக்கிறது. தன் வாழ்நாளில் ஒரு புழு மூன்று நான்கு இலைகளைப் பாழாக்கும்.

பெரும்பாலும் ஒரு மடிப்புக்கு ஒரு புழுதான். மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் கலந்த பச்சைப் புழுவும், சிறு மணிகள் போன்ற அதன் எச்சமும் இருக்கும். தொட்டால் போதும், பாம்புபோல் நெளிந்து துள்ளிக் கீழே விழுந்துவிடும். இரண்டு மூன்று வாரங்கள் இப்படி வளர்ந்து, மடிப்புக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஆறு முதல் பத்து நாட்களில் விட்டிலாக வெளிவரும். முட்டையிலிருந்து விட்டில் வரை ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே ஒரு பட்டத்துப் பயிரிலேயே இரண்டு மூன்று தலைமுறைகள் வந்து போகக்கூடும்.

இந்த இனத்தின் மற்றொரு விந்தை, இதன் பிரயாணம். பட்டுப்பூச்சி மனிதனின் வீட்டிலே வளர்ந்து வளர்ந்து பறக்கவே மறந்துபோன ஜீவன். நெல்வயல் விட்டிலோ கடல் தாண்டும் யாத்திரிகர். ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர்காலத்தை இதனால் தாங்க முடியாது. ஆயினும் ஆண்டுதோறும் மழைக்காலத்தில், சீனாவிலிருந்து வீசும் காற்றின் துணையோடு கடலைக் கடந்து ஜப்பானிய வயல்களில் வந்து இறங்கிவிடுகிறது. வரப்போரத்தில் நாலடி பறந்து ஒளிந்துகொள்ளும் அதே பூச்சிதான்! நம் ஊரில் அத்தனை தூரம் போகவேண்டிய அவசியம் இல்லை. நெல் இல்லாத நாளில் வரப்புப் புற்களிலே காலத்தை ஓட்டிவிடும்.

சில்லறைப் பூச்சி பெரிய பூச்சியானது

சென்னை மாகாணத்தின் பூச்சி இயல் அறிஞரான பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய தம் நூலை 1914-ல் வெளியிட்டார். டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் கைந்நூல் 1940-ல் வந்தது. அந்தக் காலங்களில் குடியானவரின் தூக்கத்தைக் கெடுத்தவை தண்டுத் துளைப்பானும், படைபடையாக வரும் புழுவும், கதிர் நாவாய்ப் பூச்சியுமே. இலைச்சுருட்டி சில்லறைப் பூச்சியாகவே மதிக்கப்பட்டது.

நிலைமை 1960-களின் பிற்பகுதியில் மாறியது. 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. நாட்டின் பசியைத் தீர்த்ததில் அதற்கும் அதன் வாரிசுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ரகங்கள் அதிக உரத்தைக் கேட்டன. நெருக்கமாக நட்டு, தழைச்சத்தை அள்ளிக் கொடுத்ததும் இலைகள் கரும்பச்சையாகக் கொழுத்தன. பயிருக்குள் நிழலும் ஈரமும் தேங்கின. விட்டிலுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? ஒரு வயலிலேயே மரநிழல் விழும் மூலையிலும், யூரியா கூடுதலாக விழுந்த திட்டிலும் மடிந்த இலைகள் அதிகம் இருப்பதை எவரும் இன்றும் பார்க்கலாம்.

செங்கற்பட்டுச் சீமைக்கு இங்கே ஒரு பெருமை சேர்கிறது. அன்றைய அந்த மாவட்டத்திலிருந்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம்.6 என்ற ரகம், தண்டுத் துளைப்பானையும் இலைச்சுருட்டியையும் தாங்கி நிற்கும் குணம் உடையது. 1969-ல் வெளிவந்து தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ஐ.ஆர்.20 ரகத்துக்கு இதுவும் ஒரு பெற்றோர். நம் பக்கத்து நெல் ஒன்று, பூச்சியைத் தாங்கும் வலிமையை உலகத்துக்கே சீதனமாகக் கொடுத்திருக்கிறது.

பயம் வரும்போது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நடவு செய்து இருபது முப்பது நாளில் இலை வெளுக்கத் தொடங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது. குடியானவரின் வயிற்றில் புளி கரைகிறது. கடன் வாங்கி உழுது, நட்டு, உரம் போட்ட பயிர். "இலையெல்லாம் வெளுத்துப் போச்சுங்க, ஏதாவது மருந்து குடுங்க" என்று கடைக்கு ஓடுகிறார். கடையில் கிடைத்த மருந்து அன்று மாலையே வயலில் விழுகிறது. இதிலே யாரைக் குறை சொல்வது? தண்டுக்குள் இருக்கும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. இலைச்சுருட்டி ஒன்றுதான் தன் சேதத்தைக் கொடிகட்டிக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரிவதுதானே மனிதனைப் பயமுறுத்தும்?

ஆனால் வெளுத்த இலை வேறு. குறைந்த விளைச்சல் வேறு. தூர் கட்டும் பருவத்தில் நெற்பயிர் சும்மா இருப்பதில்லை. நாளுக்கு நாள் புதுத் தூர் வெடிக்கிறது. புது இலை விடுகிறது. போன இலைக்கு ஈடாக வேறு இலை வந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் ஓரளவு இலைச்சேதம் ஏற்பட்டால் களத்தில் நெல் குறைவதில்லை என்பதைப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மருந்து அடித்தால் வீண் செலவோடு போயிற்றா என்றால், அதுவும் இல்லை. வயலில் நமக்குத் தெரியாமலே ஒரு காவற்படை வேலை செய்கிறது. கண்ணுக்கே தெரியாத சிறு குளவிகள் விட்டிலின் முட்டைக்குள் தம் முட்டையை வைத்துவிடுகின்றன. அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். வேறு சில குளவிகள் புழுவின் உடலிலே முட்டை வைக்கின்றன. நீண்ட கழுத்துடைய தரை வண்டு ஒன்று மடிப்புக்குள்ளேயே நுழைந்து, ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழுக்கள் வரை தின்றுவிடும். ஓநாய்ச் சிலந்திகள் தூரடியில் வேட்டையாடுகின்றன. தட்டானும் ஊசித் தட்டானும் பறக்கிற விட்டிலைப் பிடிக்கின்றன. இரட்டைவால் குருவி உட்கார ஒரு குச்சி நட்டால் போதும். அதுவும் கூலி கேட்காமல் வேலைக்கு வந்துவிடும்.

அவசரப்பட்டு அடித்த மருந்து முதலில் கொல்வது இந்தக் காவற்படையைத்தான். இலைச்சுருட்டியோ பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. சிலந்தியும் குளவியும் வண்டும் வெளியே திரிகின்றன. காவல் போன வயலில், தூரடியில் இருந்து சாற்றை உறிஞ்சும் புகையான் பெருகுகிறது. வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து சாய்வதைப் பார்த்தவர்களுக்குத்தான் புகையான் என்றால் என்னவென்று தெரியும். வெளுத்த நாலு இலைக்குப் பயந்து, விளைந்த வயலைப் பறிகொடுத்த கதை இது.

சில மருந்துகள் புகையானின் இனப்பெருக்கத்தையே தூண்டிவிடுகின்றன என்பதையும் செல்லையா, ஹெய்ன்ரிக்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1980-ல் எடுத்துக் காட்டினார்கள். மருந்தே பூச்சியை வளர்க்கிறது என்றால் நம்பக் கடினம். ஆனால் இந்தோனேஷியா பட்டுத்தான் கற்றுக்கொண்டது. புகையானால் தொடர்ந்து அடிபட்ட அந்த நாட்டின் ஜனாதிபதி சுகார்த்தோ, 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்து உத்தரவு போட்டார்.

நாற்பது நாள் பொறுமை

இதைவிடச் சுவையான கதை வியட்நாமில் நடந்தது. மீக்காங் ஆற்றுப் படுகையின் விவசாயிகள் பயிரின் இளம் பருவத்திலேயே திரும்பத் திரும்ப மருந்தடித்து வந்தார்கள். அதற்குப் பெரிய காரணம் நமது இலைச்சுருட்டியே. நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியோங் என்ற பூச்சி இயலாரும், எஸ்கலாடா என்ற பெண்மணியும் ஒரு எளிய யோசனை சொன்னார்கள். "எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். வயலின் ஒரு மூலையில் மட்டும், விதைத்த நாளிலிருந்து 40 நாள் வரை மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள்" என்பதே அதன் சாரம். 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் துண்டுப் பிரசுரங்கள், சுவரொட்டிகள், வானொலி நாடகங்கள் வழியாக இந்தச் செய்தி பரவியது. விவசாயிகளே சோதித்துப் பார்த்தார்கள். விட்டுவைத்த மூலையில் விளைச்சல் குறையவில்லை. சில ஆண்டுகளுக்குள் அங்கே மருந்தடிக்கும் தடவைகள் பாதியாகக் குறைந்தன. பிரசங்கத்தால் நடக்காத காரியம் ஒரு மூலை வயலால் நடந்தது!

அப்படியானால் இலைச்சுருட்டியால் ஆபத்தே இல்லையா? உண்டு. அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. கதிர் வருவதற்கு முன் கடைசியாக விரியும் இலையைக் குடியானவர்கள் கண்ணாடி இலை என்பார்கள். நெல்மணிக்குப் பால் ஏற்றுவதில் முதல் பங்கு அந்த இலைக்குத்தான். அது வெளுத்துவிட்டால் அதற்கு ஈடாக வேறு இலை வராது. ஆகவே பயிர் பொதி கட்டும் பருவத்தில் மடிந்த இலைகள் பெருகினால் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறது. வளர் பருவத்தில் 100-க்கு 10 இலை சேதமானால்தான் நடவடிக்கை வேண்டும். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 100-க்கு 5 சேதமானாலே நடவடிக்கை வேண்டும். இந்தக் கணக்கை எடுப்பது கடினமான காரியமல்ல. வயலின் குறுக்கே நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் குத்துகளைப் பாருங்கள். ஒரு குத்தில் 40 இலை என்றால் மொத்தம் 400. அதில் 40-க்குக் குறைவாகச் சேதம் இருந்தால் மருந்து டப்பாவைத் திறக்க வேண்டாம். மடிப்பைப் பிரித்தும் பாருங்கள். உள்ளே புழு இல்லையென்றால் அது பழைய கணக்கு. அதற்கு மருந்தடிப்பது காலியான வீட்டுக்குக் காவல் போடுவது போல.

செய்யக்கூடியவை

வருமுன் காக்கும் வழிகள் பல உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காசு கிடையாது. வரப்புப் புற்களை அறுத்துச் சுத்தமாக வைக்கவேண்டும். விட்டிலின் மாற்று வீடு அதுவே. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து இடவேண்டும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டை இதற்கு நல்ல துணை. நெருக்கி நடுவதைத் தவிர்க்கவேண்டும். இளம்பயிரில் புழு தென்பட்டால், இரண்டு பேர் எதிரெதிர் வரப்பில் நின்று ஒரு கயிற்றைப் பயிரின்மேல் இழுத்துப் போகும் பழைய வழக்கமும் பயன் தருவதே. மடிப்புகள் குலைந்து புழுக்கள் தண்ணீரில் விழும். விளக்குப் பொறி வைத்தால் விட்டில்களின் வரவு தெரியும். குருவிகளுக்கு உட்காரக் குச்சி நடலாம்.

முட்டையிலேயே பூச்சியை ஒழிக்கும் சிறு குளவியை வளர்த்து வயலில் விடும் முறையும் இருக்கிறது. டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்பது அதன் பெயர். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில் இதை வளர்த்து, அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். நடவு செய்த 37, 44, 51-ஆம் நாட்களில், ஹெக்டேருக்கு 5 சி.சி. வீதம் மூன்று தடவை வயலில் கட்டவேண்டும். இந்தக் குளவியை விட்ட வயலில் அதே வாரம் மருந்து அடித்தால் இரண்டு செலவும் வீண். சேதம் அளவைத் தாண்டும்போது முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். அதற்கும் அடங்கவில்லையானால், வேளாண்மை அலுவலரைக் கேட்டு, சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் அடிக்கலாம். பக்கத்து வயல்காரர் அடிக்கிறார் என்பதற்காக நாமும் அடிப்பது மட்டும் கூடாது.

மருந்துக்கு விலை ஒன்று. அடிப்பவரின் உடம்புக்கு விலை வேறு. முகத்தில் துணிகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கிற கூலிக்காரர் சுவாசிப்பதும் அந்த விஷந்தான். வாய்க்கால் வழியாக வழிந்து அது ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. ஏரிகளைப் பராமரிப்பதற்கென்றே ஏரி வாரியம் வைத்து, குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிய உத்திரமேரூர், மாகறலுக்குப் பக்கத்து ஊர்தான். தண்ணீரை அவ்வளவு பொறுப்பாகப் பார்த்த பிரதேசம் இது.

இலைச்சுருட்டுப் புழுவை நாம் நேசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது பயிரைத் தின்னும் பூச்சிதான். அளவு மீறினால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நெல்லும் அதுவும், அதைத் தின்னும் குளவியும் சிலந்தியும் குருவியும் வெகுகாலமாக ஒரே கழனியில் குடித்தனம் செய்து வருகின்றன. அந்தக் குடும்பத்துக்குள்ளே நியாயம் பேசிக்கொள்ள அவற்றுக்கே வழி தெரியும். கண்ணாடி இலை விரியும் வரை விவசாயி செய்யவேண்டியதெல்லாம் வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, பத்துக் குத்துகளை எண்ணிப் பார்ப்பதுதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழி மன்னருக்கு மட்டும் சொன்னதல்ல. மாகறலில் ஒரு காணி நெல் வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.